அயலவரின் பொதி: கையேற்கும்போதே தொடங்கும் அமானிதம்

கடிதம் எழுதும் வழக்கம் எம்மிடையே அருகிவிட்டது. ஆனால் வீடு தேடி வரும் பொதிகளோ நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. இணையத்தில் வாங்கிய உடுப்பு, கைத்தொலைபேசி, பிள்ளையின் பாடநூல், கொழும்பிலிருந்து வரும் மருந்து, கட்டாரிலோ சவூதி அரேபியாவிலோ தொழில் புரிபவர் தம் குடும்பத்துக்கு அனுப்பும் பெட்டி என இவை பலவகைப்படும். கூரியர் ஊழியர் வாசலுக்கு வரும் நேரத்தில் வீட்டில் ஆளில்லையெனில், அவர் பார்வை அடுத்த வீட்டின் மீது விழுகிறது. வாங்கி வைத்துக் கொடுக்குமாறு கேட்கிறார், நாமும் மறுப்பதில்லை. ஒரு கையொப்பம், ஒரு நிமிடம், அத்துடன் காரியம் முடிந்தது என எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் காரியம் அப்போதுதான் தொடங்குகிறது.

இது பத்திரிகையில் பேசுமளவுக்குப் பெரிய விடயமா எனச் சிலர் கேட்கக்கூடும். பொதி சிறியதாக இருக்கலாம். அதனால் முறியும் உறவு சிறியதன்று. பெட்டி பிரிக்கப்பட்டிருந்ததா, உள்ளே ஒன்று குறைந்ததா, நான்கு நாட்களாக ஏன் சொல்லவில்லை என்ற கேள்விகள் எழுந்த பின்னர், வேலிக்கு இருபுறமும் பல்லாண்டுகளாகப் புழங்கிய குடும்பங்கள் முகம் பாராமல் போகும் நிலை ஏற்படுகிறது. நன்மை செய்யப் போனவர் குற்றவாளி போல நிற்கிறார். பொருளை இழந்தவரோ யாரிடம் முறையிடுவதென்று அறியாது திகைக்கிறார். எனவே இவ்விடயத்தில் மார்க்கமும் நாட்டுச் சட்டமும் என்ன கூறுகின்றன, நடைமுறையில் நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வது அவசியமாகும்.

பொதி ஏன் வழி தவறுகிறது?

காரைதீவுப் பிரதேச செயலகப் பிரிவிலுள்ள மாவடிப்பள்ளியை உதாரணமாகக் கொள்வோம். காரைதீவிலிருந்து சம்மாந்துறை நோக்கிச் செல்லும் அம்பாறை வீதியில், வயல்வெளிகள் சூழ அமைந்துள்ள முஸ்லிம் கிராமம் இது. இத்தகைய ஊர்களில் தபாற்காரர் ஒவ்வொரு வீட்டாரையும் முகம் பார்த்தே அறிவார். உறையில் முகவரி அரைகுறையாக இருந்தாலும், எழுதப்பட்ட பெயரைக் கொண்டு உரியவரைக் கண்டுபிடித்துவிடுவார். இன்று மோட்டார் சைக்கிளில் வரும் கூரியர் ஊழியர் பெரும்பாலும் வெளியூரவர். அவருக்குத் தெரிந்தது பொதியில் ஒட்டியுள்ள பெயரும் ஒரு தொலைபேசி இலக்கமும் மட்டுமே. அந்த இலக்கம் பதிலளிக்காவிடில், அவருக்கு அயலவரை விட்டால் வேறு வழியில்லை.

பெயர்களும் குழப்பத்தைக் கூட்டுகின்றன. ஒரே பெயரையும் ஒரே முதலெழுத்துகளையும் கொண்ட பலர் ஓர் ஊரிலேயே வாழ்கின்றனர். பிரதான வீதி, பள்ளிவாசல் வீதி என்பன ஊருக்கு ஊர் உண்டு. ஊர்ப் பெயரே மயக்கம் தருவதும் உண்டு. அம்பாறை மாவட்டத்தில் மாவடிப்பள்ளி இருக்க, மட்டக்களப்பு மாவட்டத்தில் மாவடிவேம்பு, மாவடிமுன்மாரி, மாவடிச்சேனை என்ற ஊர்கள் இருக்கின்றன. அவசரத்தில் பெயரின் முற்பகுதியை மட்டும் வாசிப்பவர் பொதியை மாவட்டம் மாற்றி அனுப்பிவிடலாம். எனவே முகவரியில் ஊரோடு பிரதேசத்தையும் ஐந்திலக்கத் தபாற் குறியீட்டையும் எழுதுவது வீண் வேலையன்று. அம்பாறை மாவட்டக் கரையோரத்தின் குறியீடுகள் 32 என்றும், மட்டக்களப்பு மாவட்டத்தின் குறியீடுகள் 30 என்றும் தொடங்குகின்றன. அந்த இரண்டு இலக்கங்களே பொதியை உரிய திசையில் திருப்பப் போதுமானவை. இவற்றுடன் அருகிலுள்ள பாடசாலை அல்லது பள்ளிவாசலின் பெயரையும், இரண்டாவது தொலைபேசி இலக்கமொன்றையும் சேர்த்து எழுதினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.

காற்று கொண்டுவந்த ஆடை

அயலவரின் பொதி எம் கைக்கு இரு வழிகளில் வருகிறது. அயலவரே முன்கூட்டிக் கேட்டுக்கொண்டதன் பேரில் நாம் பெற்றுக்கொள்வது ஒரு வழி. அவர் அறியாமலே, ஊழியர் எம்மிடம் தந்துவிட்டுச் செல்வதோ, எமக்குரியதென்று தவறுதலாகக் கொடுத்துவிடுவதோ மற்றைய வழி. இரண்டும் ஒன்று போலத் தோன்றினாலும், இஸ்லாமியச் சட்டக்கலை இவற்றை வேறுபடுத்தியே நோக்குகிறது.

முதலாவது, உடைமையாளரின் சம்மதத்துடன் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருள். அரபியில் இது வதீஆ எனப்படும். இரண்டாவதற்கு ஷாபிஈ மத்ஹபின் சட்ட அறிஞர்கள் அழகான உதாரணமொன்றைக் காட்டுகின்றனர். அடுத்த வீட்டில் உலர்த்திய ஆடையைக் காற்று தூக்கிவந்து எம் முற்றத்தில் போட்டுவிடுகிறது. நாம் அதைக் கேட்கவில்லை, அவரும் தரவில்லை. ஆயினும் அது எம்மிடம் இருக்கும் அமானிதமே.

இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடு மிக முக்கியமானது. கேட்டுக்கொண்டு ஒப்படைத்த பொருளை, உரியவர் வந்து கேட்கும்போது தடையின்றிக் கொடுத்தால் போதும். காற்று கொண்டுவந்த ஆடையையோ, அவர் கேட்கும்வரை வைத்திருக்கலாகாது. இயன்ற உடனே நாமாகவே திருப்பிக் கொடுக்க வேண்டும். அல்லது தம் பொருள் எம்மிடம் இருப்பதை அவருக்கு அறிவிக்க வேண்டும். இயலுமாயிருந்தும் தாமதித்தால், அதன் பின்னர் நேரும் இழப்புக்கு நாமே பொறுப்பாளி. கூரியர் ஊழியர் எமது கையில் திணித்துச் சென்ற பொதி இந்த ஆடையையே ஒத்தது. ‘அவர் வந்து கேட்கவில்லையே’ என்பது இங்கு நியாயமாகாது. அவருக்குத் தெரிந்தால் அல்லவா கேட்பார்!

கண்டெடுக்கப்பட்ட பொருளான லுகதாவுடன் இதனைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. கண்டெடுத்த பொருளின் பையையும் அதன் கட்டையும் அடையாளம் வைத்துக்கொண்டு, ஓராண்டு அறிவிப்புச் செய்ய வேண்டும் என்பது நபிமொழியில் வந்துள்ள விதி. உரியவர் இன்னாரென்று அறியப்படாத பொருளுக்கே அது பொருந்தும். பொதியின் மீது பெயரும் தொலைபேசி இலக்கமும் அச்சிடப்பட்டிருக்கையில், தேட வேண்டியது ஏதுமில்லை. அழைக்க வேண்டியது மட்டுமே உண்டு.

நாட்டுச் சட்டமும் இதற்கு முரணானதன்று. எமது நாட்டில் நிலவும் உரோமன் டச்சுச் சட்ட மரபின்படி, கூலியின்றி ஒரு பொருளை அடைக்கலமாகப் பெற்றவர் வஞ்சனைக்கும் பாரதூரமான கவனயீனத்துக்குமே பொறுப்புக் கூற வேண்டும். ஆனால் பொருளைத் தமதாக்கிக்கொண்டால் நிலைமை மாறிவிடும். தண்டனைச் சட்டக்கோவையின் 386ஆம் பிரிவு, பிறரது அசையும் பொருளை நேர்மையீனமாகத் தம் உபயோகத்துக்கு மாற்றிக்கொள்வதைக் குற்றமாக்குகிறது. பாதுகாத்து உரியவரிடம் சேர்ப்பதற்காகக் கண்டெடுத்த பொருளை வைத்திருப்பவர் குற்றவாளியல்லர் என்றும், உரியவரை அறிந்திருந்தும் அல்லது அறிந்துகொள்ள வழியிருந்தும் அதனைத் தமதாக்கிக்கொண்டவர் குற்றவாளியே என்றும் அப்பிரிவின் விளக்கம் தெளிவாகக் கூறுகிறது. நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருளைக் கையாடுவது 388ஆம் பிரிவின் கீழ் நம்பிக்கை மோசடியாகும். ‘அவர்கள்தாம் தவறுதலாகத் தந்தார்கள், நான் திருடவில்லையே’ என்ற வாதம் மார்க்கத்திலும் எடுபடாது, நீதிமன்றத்திலும் எடுபடாது.

ஏற்பதும் மறுப்பதும்

அயலவரின் பொதியைக் கட்டாயம் வாங்கி வைக்க வேண்டுமா? இதற்கும் எமது அரபுக் கல்லூரிகளில் பயிலப்படும் நூல்களிலேயே விடையுண்டு. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜுத் தாலிபீன் என்ற நூலில் மூன்று நிலைகளை வகுத்துள்ளார்கள். பாதுகாக்கும் ஆற்றலும் தம் நேர்மையில் நம்பிக்கையும் உள்ளவர் அடைக்கலப் பொருளை ஏற்பது விரும்பத்தக்கது. ஆற்றல் இருந்தும் தம் மீது நம்பிக்கையற்றவர் ஏற்பது வெறுக்கத்தக்கது. பாதுகாக்கவே இயலாதவர் ஏற்பது தடுக்கப்பட்டது.

இந்த மூன்று நிலைகளையும் எமது வாசலில் பொருத்திப் பார்ப்போம். நாளை வெளியூர் செல்லவிருப்பவர், சிறு பிள்ளைகள் எதையும் பிரித்துப் பார்க்கும் வீட்டினர், மழைக்கு ஒழுகும் கூரையின் கீழ் வாழ்பவர், குளிரில் வைக்க வேண்டிய மருந்துக்குக் குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர் ஆகியோர், “எம்மால் இயலாது, அவருடன் பேசி வேறொரு நாள் கொண்டு வாருங்கள்” என்று கூறுவதில் எந்த வெட்கமும் இல்லை. முகத்துக்காக ஏற்று, பின்னர் தொலைப்பதைவிட முதலிலேயே மறுப்பது அயலவருக்குச் செய்யும் பெரிய உதவியாகும்.

ஏற்பதானால், முதலில் பொதிக்குரியவரைத் தொலைபேசியில் அழைத்துச் சம்மதம் கேட்க வேண்டும். அவர் சம்மதித்தால், காற்று கொண்டுவந்த ஆடை என்ற நிலை மாறி, அவரே ஒப்படைத்த அடைக்கலமாக அது ஆகிவிடுகிறது. பெட்டி கிழிந்தோ நனைந்தோ, ஒட்டுநாடா பிரிந்தோ இருப்பின் ஊழியரின் முன்னிலையிலேயே ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். சேதம் பாரதூரமெனில் ஏற்கவே கூடாது. கையொப்பமிடும் இடத்தில் அயலவரின் பெயரை எழுதுவது பெருந்தவறு. எமது பெயரையே எழுதி, அயலவர் எனக் குறிப்பிட வேண்டும். பின்னர் ஒரு பிணக்கு எழுந்தால், உரியவரே பெற்றுக்கொண்டார் என்ற பொய்யான பதிவு அவரது முறைப்பாட்டையே செல்லாக் காசாக்கிவிடும்.

பணம் செலுத்திப் பெறும் பொதியாயின் கூடுதல் அவதானம் தேவை. உரியவரின் வாயால் தொகையைக் கேட்டு உறுதி செய்யாமல் ஒரு சதமும் கொடுக்கலாகாது. எவரும் கட்டளையிடாத பொருளை அனுப்பிவைத்து, வீட்டில் இருப்பவரிடம் பணம் பறிக்கும் மோசடி பல நாடுகளில் அறியப்பட்டதொன்றாகும். குடும்பத் தலைவர் வெளிநாட்டில் இருக்க, அயலவர் நல்லெண்ணத்தில் பணம் கொடுத்துவிட்டால், இழப்பு யாரைச் சாரும் என்பதே புதிய பிணக்காகிவிடும்.

வைத்திருக்கும்போது

அமானிதத்தின் ஒழுங்குகள் சில. பொதியைப் பிரிக்கலாகாது. முத்திரையிட்டுக் கட்டிய பையை அடைக்கலமாகப் பெற்றவர் அம்முத்திரையை உடைத்தால், உள்ளிருக்கும் பொருளுக்கு ஈடு செய்யும் பொறுப்பு அவரைச் சேரும் என்பது ஷாபிஈ சட்ட அறிஞர்களின் கருத்து. எமது காலத்து ஒட்டுநாடாவும் ஒரு முத்திரைதான். அதிலும் ஒரு பெண்ணின் பெயருக்கு வந்த பொதியை, என்னவென்று பார்க்கலாமே எனத் திறப்பது அவரது மானத்தோடு தொடர்புடையது. மேலட்டையில் எழுதியிருப்பதைப் படித்து, இன்ன வீட்டுக்கு இன்னது வந்திருக்கிறதெனத் தெருவில் பேசுவதும் அவ்வாறே. துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் சூரா அல்ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் ஒருசேரத் தடுக்கிறது.

பொதியை மூன்றாமவரிடம் கைமாற்றி வைப்பதும் கூடாது. உரியவரின் அனுமதியும் தக்க காரணமுமின்றி வேறொருவரிடம் ஒப்படைத்தவர், இழப்பு நேர்ந்தால் ஈடுசெய்ய வேண்டும். பாடசாலை விட்டு வரும் அயல்வீட்டுச் சிறுவனிடம் கொடுத்தனுப்பிவிட்டு, கொடுத்துவிட்டோமென ஆறுதலடைய முடியாது. உரியவரிடம், அல்லது அவர் சொன்னவரிடம் கையோடு கொடுக்க வேண்டும்.

தாமதம் தீராத கேடு. மருந்துப் பொதியொன்று இரண்டு நாட்கள் எம் வீட்டு அலுமாரியின் மேல் கிடந்தால், அதற்காகக் காத்திருக்கும் நோயாளி அந்த இரண்டு நாட்களையும் மருந்தின்றிக் கழிக்கிறார். நேர்முகத் தேர்வுக்கான கடிதம் ஒரு நாள் தாமதித்தால் ஓர் இளைஞரின் வாய்ப்பே பறிபோகலாம். அன்றைய தினமே அறிவிப்பது கடமை.

மழைக்காலத்தில் மட்டும் இவ்விதிக்கு விலக்குண்டு. 2024 நவம்பர் 26ஆம் திகதி காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் பாய்ந்த வெள்ளம் உழவு இயந்திரமொன்றை அடித்துச் சென்று, மத்ரஸா மாணவர்களின் உயிர்களைப் பறித்த துயரத்தை இப்பகுதி மக்கள் எவரும் மறந்திலர். வீதியின் மேல் நீர் ஓடும்போது பொதியைச் சேர்ப்பதற்காகவோ பெறுவதற்காகவோ எவரும் புறப்படலாகாது. தொலைபேசியில் சொல்லிவிட்டு, நீர் வடியும்வரை நனையாமல் பேணி வைத்தாலே அமானிதம் நிறைவேறிவிடும்.

முற்றிலும் முகவரி தவறி எம்மிடம் வந்த பொதியாயின், அதிலுள்ள இலக்கத்துக்கு அழைப்பது முதற்படி. தொடர்பு கிடைக்காவிடில் கொண்டுவந்த நிறுவனத்துக்கு அறிவித்து, மீளப் பெற்றுக்கொள்ளுமாறு கேட்க வேண்டும். தபால் மூலம் வந்ததெனில் பிரிக்காமல் தபாலகத்தில் ஒப்படைக்க வேண்டும். எம் பெயருக்கே வந்த, நாம் கேட்காத பொதியில் காணப்படும் கியூஆர் குறியீட்டைக் கைத்தொலைபேசியால் வருடிப் பார்ப்பதும் ஆபத்தானது. இத்தகைய பொதிகள் குறித்து அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025ஆம் ஆண்டு எச்சரிக்கை விடுத்தது. பொதி காத்திருக்கிறதெனக் கூறி வங்கி அட்டை விபரம் கேட்கும் போலிக் குறுஞ்செய்திகள் பற்றி எமது தபால் திணைக்களமும் பொதுமக்களை எச்சரித்துள்ளது.

நிறுவனங்களின் கடமை

பொறுப்பு முழுவதையும் அயலவரின் தலையில் சுமத்துவதும் நீதியன்று. கட்டணம் பெறுபவர் கொண்டுவரும் நிறுவனமே. அயலவர் ஒரு சதமும் பெறுவதில்லை. ஜேர்மனியில் டி.எச்.எல். நிறுவனத்தின் நிபந்தனைகளில், பொதியை அயலவரிடம் கொடுக்கலாம் என்றிருந்த விதியை, உரியவருக்கு அதனை அறிவிக்கும் கடமை சேர்க்கப்படாத காரணத்தால் செல்லாதென 2011ஆம் ஆண்டு கொலோன் உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஐக்கிய இராச்சியத்தில் ரோயல் மெயில் 2012ஆம் ஆண்டு அயலவரிடம் ஒப்படைக்கும் முறையை நாடு முழுவதும் விரிவுபடுத்தியபோது, எந்த வீட்டில் கொடுக்கப்பட்டது என்ற அட்டையை உரியவருக்கு இட்டுச்செல்ல வேண்டியிருந்தது. விரும்பாதவர்கள் விலகிக்கொள்ளவும் வழியிருந்தது. அந்நாட்டின் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைகள் சட்டத்தின்படி, பொருள் வாங்கியவரின் கையிலோ அவர் குறிப்பிட்டவரின் கையிலோ சேரும்வரை இழப்பு பொதுவாக விற்பனையாளரையே சாரும்.

எமது நாட்டிலோ 1896ஆம் ஆண்டின் பொருட்கள் விற்பனைக் கட்டளைச் சட்டமே இன்றும் அடிப்படையாக உள்ளது. மாட்டுவண்டியிலும் கப்பலிலும் சரக்குச் சென்ற காலத்தில், ஆங்கிலச் சட்டத்தை ஒட்டி இயற்றப்பட்ட அதில், சரக்கை ஏற்றிச் செல்பவரிடம் ஒப்படைப்பது வாங்குபவரிடம் ஒப்படைத்ததாகவே முதனிலையில் கருதப்படும். இணைய வணிகத்துக்கு இது போதாது. ஆகவே, அயலவரிடம் கொடுத்தால் உரியவருக்கு அக்கணமே அறிவிக்க வேண்டும் என்பதையாவது சட்டமாக்க வேண்டும் என நாம் கருதுகிறோம். அதுவரை, சேவைக் குறைபாடுகளை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். அயலவர்க்கிடையிலான பிணக்கெனில், 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. பொலிஸ் நிலையம் முதற்படியாக இருக்க வேண்டியதில்லை.

உரியவரின் கடமை

அமானிதம் பேணியவரின் கடமையை இவ்வளவு விரித்துப் பேசும்போது, பொருளுக்குரியவரின் கடமையையும் சொல்லியாக வேண்டும். பொதியைக் கவனமாக வைத்திருந்தும் வீடு தீப்பற்றியோ வெள்ளம் புகுந்தோ அது அழிந்தால், வைத்திருந்தவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. தவறும் அத்துமீறலும் இருந்தாலன்றி அவர் மீது பொறுப்பில்லை. நன்மை செய்வோரைக் குற்றம் பிடிக்க வழியில்லை என்னும் கருத்துடைய சூரா அத்தவ்பாவின் 91ஆம் வசனத்தை இதற்கு ஆதாரமாகச் சட்ட அறிஞர்கள் காட்டுவர். இழப்பு பற்றி அவர் சத்தியத்துடன் கூறும் சொல் ஏற்றுக்கொள்ளப்படும். கூலியின்றி உதவியவரைச் சந்தேகக் கண்ணோடு நோக்கினால், நாளை எவரும் எமது பொதிக்குக் கை நீட்டமாட்டார்கள். பெட்டிக்குள் பொருள் குறைந்திருந்தால், முதலில் விசாரிக்க வேண்டியது அனுப்பியவரிடமும் கொண்டுவந்தவரிடமுமே.

இவை பற்றிய நுணுக்கமான சட்டங்களை ஆலிம்களிடம் கேட்டறிவதே முறை. ஆயினும் அடிப்படை எல்லோருக்கும் விளங்கக்கூடியது. அமானிதங்களை அவற்றுக்குரியவர்களிடம் சேர்ப்பிக்குமாறு சூரா அந்நிஸாவின் 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. உரியவர் எந்த மதத்தவர் என்ற வேறுபாடு அங்கில்லை. 622ஆம் ஆண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு மதீனா நோக்கிப் புறப்பட்டபோது, தம்மிடமிருந்த அமானிதங்களைத் திருப்பிக் கொடுப்பதற்காக அலீ (ரழி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். அப்பொருட்களுக்குரியவர்கள், அவர்களை ஊரைவிட்டு வெளியேறச் செய்த சமூகத்தையே சேர்ந்தவர்கள். திருவள்ளுவரும் பிறர் பொருளைத் தம்முடையது போலப் பேணுவதையே வாணிகர்க்குரிய நடுவுநிலைமையாகக் காட்டுகிறார்.

தமிழரின் காரைதீவும் முஸ்லிம்களின் மாவடிப்பள்ளியும் மாளிகைக்காடும் ஒரே பிரதேச செயலகத்தின் கீழ் அயலாக வாழும் மண் இது. கடந்த காலங்களில் இரு சமூகங்களுக்கிடையே சந்தேகம் விதைக்கப்பட்ட வேளைகளும் உண்டு. மேடைகளில் பேசப்படும் நல்லிணக்கத்தைவிட, பெயர் மாறி வந்த பொதியொன்றைப் பிரிக்காமல், அன்று மாலையே ஊர் கடந்து கொண்டுசென்று உரியவரின் கையில் கொடுப்பது வலிமை மிக்கது. அடுத்த முறை கூரியர் ஊழியர் எமது வாசலில் நின்று அயலவரின் பெயரைக் கூறும்போது, எம்மால் பேண இயலுமா என ஒரு கணம் சிந்திப்போம். இயலுமெனில் ஏற்று, உடனே அறிவித்து, முத்திரை குலையாமல் சேர்ப்போம்.